ஸ்ட்ரைக்கரா, மல்யுத்தக்காரரா: ஹெவிவெயிட் சண்டையைக் கணிப்பது எப்படி

2021 பிப்ரவரியில், யூஎஃப்சி என்ற நிறுவனம் நடத்தும் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) போட்டியில், மிக அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் கர்ட்டிஸ் பிளேட்ஸும் டெரிக் லூயிஸும் மோதுவதற்கு முந்தைய நாள், பிளேட்ஸ் ஜெயிக்க 90 சதவீதம் வாய்ப்பு என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். காரணம் கேட்டிருந்தால் ஒரே வரிதான் சொல்லியிருப்பேன்: ஒருவர் எதிராளியைத் தரையில் கிடத்திவைக்கத் தெரிந்த மல்யுத்தக்காரர், மற்றவர் ஒற்றைக் குத்தை நம்பி வரும் ஸ்ட்ரைக்கர், அதாவது நின்று அடிப்பவர். முதல் ரவுண்டில் பிளேட்ஸ் நின்றபடியே நன்றாகச் செய்தார், எனக்குத் தைரியம் கூடியது. இரண்டாவது ரவுண்டு 1:26-இல் அவர் காலைப் பிடிக்கக் குனிந்து உள்ளே போனார், கீழிருந்து மேலாக லூயிஸின் அப்பர்கட் குத்து வந்தது, சண்டை முடிந்தது.

அந்தத் தோல்வியைவிட என்னை உறுத்தியது நான் போட்ட கேள்விதான். "யார் நல்ல வீரர்" என்று கேட்டிருந்தேன். இந்த மாதிரிச் சண்டையில் கேட்க வேண்டியது வேறு: மொத்தம் 15 நிமிடத்தில், பட்டச் சண்டையோ முதன்மைச் சண்டையோ என்றால் 25 நிமிடத்தில், எத்தனை நிமிடம் நின்றபடி நடக்கும், எத்தனை நிமிடம் தரையில் நடக்கும், நின்ற இடத்திலிருந்து தரைக்குப் போகும் அந்த இரண்டு மூன்று விநாடிக்கு மல்யுத்தக்காரர் என்ன விலை கொடுக்கிறார்? இதற்குப் பதில் தெரிந்தால் வெற்றியாளர் கிட்டத்தட்டத் தானாக வந்துவிடுவார்.

முதலில் உள்ளே போகும் வழியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மல்யுத்தக்காரரின் கடைசி நாலைந்து சண்டைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டேக்டவுன் (எதிராளியைக் கீழே போடும்) முயற்சியும் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூண்டின் நடுவிலிருந்து, தூரத்திலிருந்து, எந்தக் குத்தும் போடாமல், தலையைத் தாழ்த்தி நேராக ஓடுகிறாரா? அப்படியென்றால் எதிரே இருப்பவருக்கு அப்பர்கட்டோ முழங்கால் அடியோ இருக்கிறதா என்பதுதான் அந்தச் சண்டையின் முதல் கேள்வி. மாறாக, ஜாப் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) போட்டு எதிராளியின் கையை மேலே தூக்கவைத்து, பின்னால் நகரவைத்து, கூண்டுச் சுவரில் முதுகு ஒட்டிய பிறகு காலையோ இடுப்பையோ பிடிக்கிறார் என்றால் அவர் கொடுக்கும் விலை மிகக் குறைவு, ஏனென்றால் சுவரோடு ஒட்டி நிற்பவருக்குக் குத்தை வீசிப் பலம் சேர்க்க இடமில்லை. கேன் வெலாஸ்கெஸ் இரண்டாவது வகை. 2011 நவம்பரில் ஜூனியர் டோஸ் சாண்டோஸ் அவரை 64 விநாடியில் சாய்த்தார், அந்த இடைவெளிக்குள் வெலாஸ்கெஸால் தன் சண்டையைத் தொடங்கவே முடியவில்லை. 2012 டிசம்பரில் அதே இருவர், வெலாஸ்கெஸ் ஐந்து ரவுண்டும் மூச்சுவிட நேரம் கொடுக்காமல் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார், நடுவர்கள் மூவரும் அவருக்கே கொடுத்தார்கள். 2013 அக்டோபரில் மறுபடியும் அதே கதை, அந்த முறை ஐந்தாவது ரவுண்டில் முடித்தே விட்டார். முதல் சண்டையை மட்டும் பார்த்தவர் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

டேக்டவுன் சதவீதம் என்று ஒரு எண் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன், சில நேரம் பார்ப்பதே இல்லை. 80 சதவீதம் தடுப்பு என்று ஸ்ட்ரைக்கருக்குப் போட்டிருக்கும், ஆனால் அவரைக் கீழே இழுக்க முயன்றவர்கள் யார் என்று பார்த்தால் பாதிப் பேர் அவரைப் போலவே குத்துக்காரர்கள், அடி வாங்கிக் கலங்கி ஏதாவது பிடி கிடைக்காதா என்று காலைக் கட்டியவர்கள். அந்தத் தடுப்புக்கு என்ன மதிப்பு? எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்: ஒரே ஒரு உண்மையான மல்யுத்தக்காரரோடு அவர் சண்டை போட்டிருந்தால் அந்த ஒன்று மற்ற பத்துக்குச் சமம்.

கீழே விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பது இன்னும் முக்கியம், பலர் இதை எண்ணுவதே இல்லை. 2020 ஜூனில் இதே பிளேட்ஸ் அலெக்சாண்டர் வோல்கோவை ஒரே சண்டையில் 14 முறை கீழே போட்டார். கேட்க பயங்கரமாக இருக்கிறது, ஜெயிக்கவும் செய்தார். ஆனால் இதைத் திருப்பிப் படியுங்கள், வோல்கோவ் பல முறை எழுந்திருக்கிறார் என்றும் அர்த்தம். கடைசி ரவுண்டுகளில் பிளேட்ஸ் களைத்துப்போக, வோல்கோவ் மேலே வரத் தொடங்கினார். 110 கிலோ மனிதரைத் தூக்கிப் போடுவதும், எழுந்தவரை மறுபடி தூக்கிப் போடுவதும் சாதாரண வேலை இல்லை. அதனால் ஸ்ட்ரைக்கரின் பழைய சண்டைகளில் இதைக் கவனியுங்கள்: கீழே விழுந்ததும் என்ன செய்கிறார்? மல்லாந்து கிடந்து எதிராளியைக் கட்டிப்பிடித்து நடுவர் எழுப்பிவிடுவார் என்று காத்திருக்கிறாரா, இல்லை உடனே பக்கவாட்டில் திரும்பி, எதிராளியின் அக்குளுக்குக் கீழே கையை நுழைத்து, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே எழுகிறாரா? இரண்டாவது ஆள் என்றால் மல்யுத்தக்காரருக்கு ஒவ்வொரு டேக்டவுனும் செலவு. முதல் ஆள் என்றால் ஒன்றே போதும்.

அடுத்தது மூச்சு, அதாவது களைக்காமல் தாக்குப்பிடிக்கும் சக்தி. லைட்வெயிட்டில் மூச்சு என்பது பல விஷயங்களில் ஒன்று, ஹெவிவெயிட்டில் பாதிச் சண்டை அதுதான். இது இன்றைய கதையும் இல்லை. 1997-இல் மார்க் கோல்மேன் யூஎஃப்சியின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன், எல்லோரையும் கீழே போட்டு அடித்து முடித்துக்கொண்டிருந்தவர். அந்த ஜூலையில் கிக்பாக்ஸிங் வீரர் மாரிஸ் ஸ்மித் கீழே கிடந்தபடியே அவரைச் சமாளித்து, அவர் மூச்சு வாங்கி நின்றதும் எழுந்து உதைத்து, 21 நிமிட முடிவில் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். மூச்சு விட்டுப்போவது ஸ்ட்ரைக்கருக்கும் நடக்கும். 2010-இல் பிராக் லெஸ்னரோடு மோதிய ஷேன் கார்வினும் கல்லூரி மல்யுத்தம் பழகியவர்தான், ஆனால் அன்று குத்தை நம்பி வந்தார். அதற்கு முன் 12 சண்டை, 12-ம் முதல் ரவுண்டிலேயே முடித்தவை. லெஸ்னரையும் முதல் ரவுண்டில் சாகடிக்காத குறையாக அடித்தார். அதில் அவருடைய கையும் நெஞ்சும் காலி. இரண்டாவது ரவுண்டில் லெஸ்னர் மெதுவாகக் கீழே போட்டுக் கழுத்தை நெரித்து முடித்தார். ஒருவருடைய சாதனைப் பட்டியலில் எல்லாம் முதல் ரவுண்டு வெற்றி என்றால் பலரும் பயப்படுவார்கள். எனக்கு வரும் முதல் சந்தேகம், இவருடைய மூன்றாவது ரவுண்டை யாராவது பார்த்திருக்கிறார்களா?

2018 ஜனவரியில் குத்துக்காரரான ஃபிரான்சிஸ் நகானுவை மல்யுத்தம் தெரிந்த ஸ்டீப்பே மியோசிச் தோற்கடித்தது இந்தச் சூத்திரத்தின் அச்சு அசல் உதாரணம். முதல் ரவுண்டு தப்பித்தார், நகானுவுக்கு மூச்சு இறங்கியது, மீதி நாலு ரவுண்டும் தரையில் அழுத்திவைத்தார், மூன்று நடுவர்களும் 50-44 போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு 2021 மார்ச்சில் மறுபடி மியோசிச் என்று எழுதியவர்கள் நிறைய. ஆனால் நகானு அதே ஆள் இல்லை. முதல் ரவுண்டில் மியோசிச் காலுக்கு வந்தபோது இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, அவர் மேல் எடையைப் போட்டு, பின்பக்கம் சுற்றிவந்து குத்தினார். எனக்கு அந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது. இரண்டாவது ரவுண்டில் 52 விநாடியில் நாக் அவுட். எடையும் பாருங்கள், மியோசிச் 234 பவுண்டு, நகானு 263. இந்தப் பிரிவில் உச்ச வரம்பு 265, கீழே 206 வரை இருக்கலாம், அதனால் சட்டப்படியே 30 பவுண்டு, 40 பவுண்டு வித்தியாசம் வரும். குத்துக்கு அந்த எடை உதவும், எதிராளிமேல் சாய்ந்து அழுத்தவும் உதவும், ஐந்தாவது ரவுண்டில் மட்டும் உதவாது.

"ஸ்ட்ரைக்கர்", "மல்யுத்தக்காரர்" என்ற பெயர்ப்பலகையையே அளவுக்கு மேல் நம்பக் கூடாது. 2004-இல் மல்யுத்தக்காரரான கெவின் ராண்டில்மேனிடம் மிர்கோ குரோ காப் என்ன எதிர்பார்த்திருப்பார்? கால்பிடிதான். வந்ததோ ஒரு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), குரோ காப் நாக் அவுட். அந்த வருடக் கடைசியில் மறுபடி மோதியபோது உதைக்குப் பேர்போன குரோ காப் ராண்டில்மேனைக் கழுத்தை நெரித்து ஜெயித்தார், அதாவது இரண்டு சண்டையும் தலைகீழ். 2022 ஜனவரியில் சிரில் கானுக்கு எதிராக முதல் இரண்டு ரவுண்டையும் இழந்த நகானு, முழங்கால் காயத்தோடு, மூன்றாவது ரவுண்டிலிருந்து டேக்டவுன் போட்டுப் பட்டத்தைக் காப்பாற்றினார். நகானு! யார் எதிர்பார்த்தது? டேனியல் கோர்மியே ஒலிம்பிக் வரை போன மல்யுத்த வீரர், 2019 ஆகஸ்டில் மியோசிச்சை முதல் ரவுண்டில் தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் என்னவோ நின்றே அடிப்போம் என்று முடிவுசெய்தார். நாலாவது ரவுண்டில் விலாவில் இடது ஹூக்குகளை வாங்கிக் கலங்கி, பிறகு தலைக்கு வந்த குத்துகளில் சரிந்தார். ஆக, திறமை இருக்கிறதா என்பதோடு அதைப் பயன்படுத்தும் பொறுமை இருக்கிறதா என்பதையும் தாளில் எழுதுங்கள். நின்று அடித்து ஒரு நாக் அவுட் ருசி கண்ட மல்யுத்தக்காரர் என்றால் நான் ஐந்து சதவீதம் கழித்துவிடுவேன்.

சின்ன விஷயங்கள் சில, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யூஎஃப்சியில் 30 அடிக் கூண்டும் உண்டு, 25 அடிக் கூண்டும் உண்டு. சின்னதில் ஓட இடம் குறைவு, சுவர் பக்கத்திலேயே இருக்கிறது, பொதுவாக இது பிடிப்பவருக்கு வசதி (பொதுவாகத்தான், லூயிஸ் அப்பர்கட் போட்டதும் சின்னக் கூண்டில்தான்). மூன்று ரவுண்டா ஐந்தா என்பதை மறக்காதீர்கள், ஐந்து என்றால் மூச்சு உள்ளவர் பக்கம் கொஞ்சம் சாயுங்கள். கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவருக்கு முதல் ரவுண்டு ஆபத்தாக இருக்கலாம், மூன்றாவது ரவுண்டில் அவரே தனக்கு ஆபத்து. எடை பார்க்கும் நாளில், போன சண்டையைவிட ஏழெட்டு கிலோ கூடியோ குறைந்தோ வந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

முடிவு நடுவர்கள் கைக்குப் போனால்? பலர் நினைப்பதுபோல் மேலே உட்கார்ந்திருப்பதற்காக மட்டும் ரவுண்டு கிடைக்காது. இப்போதைய பொது விதிகளில் முதலில் பார்ப்பது பயனுள்ள அடியும் பயனுள்ள பிடியும்தான், அதில் சமம் என்றால்தான் ஆக்ரோஷம், அதிலும் சமம் என்றால்தான் யார் கூண்டைக் கட்டுப்படுத்தினார் என்பது. அதனால் கீழே போட்டபின் முழங்கையாலும் குத்தாலும் சேதம் செய்யும் மல்யுத்தக்காரரையும், போட்டுவிட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குபவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டாவது ஆள் நாலு நிமிடம் மேலே இருந்துவிட்டு, எழுந்ததும் ஒரு நல்ல குத்து வாங்கி ரவுண்டையே இழக்கலாம்.

சரி, இப்போது எண். மனதில் "மல்யுத்தக்காரர்தான், சந்தேகமே இல்லை" என்று தோன்றினாலும் கையால் போட்டுப் பாருங்கள். நான் சண்டையை இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று, முதல் ரவுண்டில் அவர் கீழே போட்டு இரண்டு நிமிடமாவது வைத்திருக்கிறார். இதற்கு 55 சதவீதம் என்று வைப்போம், அது நடந்தால் அவர் ஜெயிக்க 80. இன்னொன்று, அது நடக்கவில்லை, தடுக்கப்படுகிறார் அல்லது உள்ளே வரும்போதே அடி வாங்குகிறார். இது 45, அப்படி ஆனாலும் அவர் எப்படியோ ஜெயிக்க 30. பெருக்கிக் கூட்டினால் 44-ம் 13.5-ம், மொத்தம் 57.5. சந்தேகமே இல்லை என்று தோன்றிய சண்டை 60-ஐக்கூடத் தொடவில்லை. ஹெவிவெயிட்டில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். 85-க்கு மேல் வந்தால் நான் கணக்கைத் திரும்பப் போடுவேன்.

உங்கள் எண்ணை எழுதிய பிறகு, பிறகுதான், பந்தயச் சந்தையின் விகிதத்தை (ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்பும் என்பதை) பாருங்கள். பணம் கட்டுவதற்கு இல்லை, சரிபார்ப்பதற்கு. 1.50 என்றால் ஒன்றை அதால் வகுத்து சுமார் 67 சதவீதம், எதிராளிக்கு 2.70 என்றால் 37. கூட்டினால் 104 வரும், அந்தக் கூடுதல் 4 அவர்களுடைய லாபம், அதைக் கழித்தால் 64 அளவில் நிற்கும். உங்களுடையது 57.5, சந்தை 64 என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தையில் 30 என்று வந்திருந்தால் நீங்கள் எதையோ பார்த்திருக்கிறீர்கள், அல்லது அவர்களுக்குத் தெரிந்த ஒரு காயம் உங்களுக்குத் தெரியவில்லை. அதிகமும் இரண்டாவதுதான்.

சண்டை முடிந்தபின் உங்கள் கணிப்புக்கு மதிப்பெண் போடுவதும் எளிது. 57.5 என்று சொன்னவர் ஜெயித்தால் 1-லிருந்து 0.575-ஐக் கழித்து வர்க்கம் எடுங்கள், 0.18. தோற்றால் 0.575-இன் வர்க்கம், 0.33. குறைவாக வருவது நல்லது. எப்போதும் பாதிக்குப் பாதி என்று சொல்பவருக்கு ஒவ்வொரு முறையும் 0.25 கிடைக்கும், அந்த மனிதரை முப்பது சண்டைகளின் சராசரியில் உங்களால் ஜெயிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிளேட்ஸ் சண்டைக்கு எனக்கு வந்தது 0.81. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதி வையுங்கள், "இரண்டாவது ரவுண்டில் சுவரில் பிடித்துப் போடுவார்" என்பது மாதிரி, ஏனென்றால் ஆள் ஜெயித்தும் அந்த வரி பொய்யாகியிருந்தால் நான் அதைச் சரியான கணிப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை.