வேடு கட்டுவதா, மூடி திருகுவதா? வீட்டு வைனில் முதல்முறை நேரும் தவறுகள்

பனையேறிகளின் ஊரில் பிறந்தவர்களுக்கு நொதித்தலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவ மறந்தால், அதே பாளையிலிருந்து அதே இரவில் வடிந்தது கள்ளாகிவிடும். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடவில்லை. பாளையிலும் காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருந்த நுண்ணுயிர்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிட்டன. சுண்ணாம்பின் காரம்தான் அவற்றைத் தடுத்து வைத்திருந்தது. பழச்சாறும் அப்படித்தான். வைனாகும் வழி அதற்குத் தெரியும். வைனாகிய பிறகு காடியாகும், அதாவது வினிகராகும் வழியும் தெரியும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்.

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் என்றால் கேக்கும் வைனும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. சமையல் நோட்டுகளும் கேரளத்துக்கும் எங்களுக்கும் பொதுவானவை. என் சித்தியின் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: பன்னீர் திராட்சை ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், கோதுமை ஒரு கைப்பிடி, கிராம்பு, பட்டை, ஏலம், ஈஸ்ட் சிறிது. 21 நாள் தினமும் கிளறு, பிறகு வடிகட்டு. இந்தப் பக்கத்தைப் புகைப்படமாக எடுத்துக்கொண்டு போன சித்தி மகள் இப்போது பிரிட்டனில் நர்ஸ். நவம்பர் மாதம் பிறந்தால் அவளிடமிருந்து போன் வரும். "அண்ணா, இந்தத் தடவையும் பாகு மாதிரி இருக்கிறது" என்பாள். அல்லது "காடி வாடை வருகிறது" என்பாள். கீழே இருப்பதில் பாதி அவளுக்குச் சொன்னது. மீதி, சித்தி வீட்டு அலமாரியில் நடந்தது.

முதலில் சட்டம். "வீட்டுக்குத்தானே, விற்கவா போகிறோம்" என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் சமாதானம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கள்ளுக்கே 1987 முதல் தடை இருக்கிறது. திருப்பலிக்கான வைனுக்குக்கூடத் தனி விதிகளும் உரிமமும் உண்டு. காலங்காலமாக நடப்பதும் சட்டம் அனுமதிப்பதும் ஒன்றல்ல. சித்தி மகள் இருக்கும் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ சொந்தத் தேவைக்கு வைன் செய்ய உரிமம் வேண்டியதில்லை. அவளால் தைரியமாக வைன் பரணி (ஜாடி) வைக்க முடிகிறது. ஊரில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். நான் எடுத்த முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

சீனிக் கணக்கு

சித்தியின் நோட்டில் உள்ள பெரிய பிழை சீனியில்தான் இருக்கிறது. ஒரு கிலோ பழுத்த திராட்சையில் ஏறத்தாழ 160 கிராம் சர்க்கரை ஏற்கெனவே உண்டு. அதோடு ஒரு கிலோ சீனியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால், மொத்தம் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான திரவத்தில் லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை நிற்கிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். அந்தக் கணக்கில் இது 23 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் அதில் பாதித் தூரம் போவதற்குள் தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே மயங்கி விழுந்துவிடும். அது ஒருபுறம். அவ்வளவு அடர்த்தியான பாகில் ஈஸ்ட் செல்லிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுவதால், தொடக்கத்திலேயே அது திணறும். ஊறுகாய்க்கு உப்பும் ஜாமுக்குச் சீனியும் கிருமிகளை அண்டவிடாமல் செய்வதும் இதே வழியில்தான். ஆக, சித்தி மகள் சொன்ன "பாகு மாதிரி" என்பது விபத்து அல்ல. நோட்டில் எழுதியபடி அப்படியே வந்த முடிவு.

ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 250 கிராம் சீனி என்று வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 200 கிராமை ஒட்டி வரும். 12 சதவீதம் அளவில் வந்து நிற்கும். இனிப்பு போதவில்லை என்றால் குடிக்கும் நேரத்தில் கோப்பையில் சேர்த்துக்கொள்ளலாம். அதிகம் போட்ட சீனியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அளந்து பார்க்க ஆசை இருந்தால், சாற்றின் அடர்த்தியைக் காட்டும் வைனுக்கான ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். பால் சொசைட்டியில் இருக்கும் லாக்டோமீட்டர் போதுமே என்று நானும் ஒரு முறை கேட்டு வாங்கி வந்தேன். அது பாலின் சிறிய எல்லைக்குள் மட்டுமே படிக்கும் கருவி; திராட்சைச் சாற்றில் மல்லாந்து மிதந்தது.

காற்று வேண்டும் நாட்களும் வேண்டாத நாட்களும்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து நாட்களில் ஈஸ்ட் பெருகுவதற்குக் காற்று உதவுகிறது. அதற்குப் பிறகு காற்றுதான் எதிரி. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொடக்கத்தில் பயந்துபோய் மூடியை இறுகத் திருகுகிறார்கள். பிறகு ஆவல் தாங்காமல் தினமும் திறந்து பார்க்கிறார்கள்.

தொடக்க நாட்களில் பரணியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயில் சுத்தமான துணியால் வேடு கட்டினால் போதும். வாயு வெளியேறும், பழ ஈ உள்ளே போகாது. இரண்டாம் நாள் வேடு கட்டிய துணியை அவிழ்த்தால் திராட்சைத் தோல்கள் எல்லாம் மேலே வந்து, தொப்பி கவிழ்த்தது போலத் தடித்து நிற்பதைப் பார்க்கலாம். காதைப் பக்கத்தில் வைத்தால் சின்ன மழை பெய்வது போன்ற சத்தம் கேட்கும். அந்தத் தொப்பியைத்தான் காலையும் மாலையும் நனையும்படி அமுக்கிவிட வேண்டும். காய்ந்த தோலில் பூசணம் ஏறும், காடி உண்டாக்கும் பாக்டீரியாவும் அங்கேதான் குடியேறும். ஈரமில்லாத, நன்கு கழுவி உலர்த்திய மரக்கரண்டி வேண்டும். குழம்பு கிளறிய அகப்பையைத் துடைத்துவிட்டுப் போடுபவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாறு நாளில் இரைச்சல் அடங்கியதும் தோல்களைப் பிழிந்து வடிகட்டி, குறுகிய வாயுள்ள கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிடுங்கள். கழுத்துவரை நிரப்ப வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை மூடியில் துளையிட்டுச் செருகி, இடைவெளியை மெழுகால் அடைத்து, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் உள்ள டம்ளரில் முக்கி வைத்தால் வாயு குமிழிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. இந்தக் கட்டத்திலும் "21 நாள் கிளறு" என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கிளறலிலும் ஆக்ஸிஜனை ஊட்டுகிறீர்கள். ஆல்கஹாலும் ஆக்ஸிஜனும் கிடைத்தால் அசிட்டிக் பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? காடி வாடை வருகிறது என்று சித்தி மகள் சொன்ன வருடம், அவள் 21 நாளும் விடாமல் கிளறியிருந்தாள்.

அலமாரிக் கதை இதற்கு நேர்மாறானது. ஒரு டிசம்பரில் விருந்துக்கு நேரமாகிறது என்று, குமிழ் இன்னும் வந்துகொண்டிருந்த வைனை நான்தான் பாட்டில்களில் ஊற்றி மூடியைத் திருகி, துணி அலமாரியின் அடித்தட்டில் அடுக்கினேன். இருட்டாக இருக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். 23-ஆம் தேதி இரவு பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். சித்தி பண்டிகைக்கு எடுத்து வைத்திருந்த சந்தன நிறப் புடவையில் கண்ணாடித் துண்டுகளும் ஊதாக் கறையும். அலமாரிக் கதவு மூடியிருந்ததால்தான் யாருக்கும் காயமில்லை. மற்ற பாட்டில்களை, போர்வையைப் போர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சித்தப்பா ஒவ்வொன்றாகத் திறந்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

காரணம் எளிய கணக்கு. ஒரு கிலோ சீனி முழுதும் நொதித்தால் 250 லிட்டருக்கும் அதிகமான கார்பன் டை ஆக்ஸைடு வெளிவரும். மூடிய பாட்டிலில் லிட்டருக்கு வெறும் 24 கிராம் சர்க்கரை மீந்து நொதித்தாலே உள்ளே ஆறு வளிமண்டல அழுத்தம் ஏறும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அது. ஷாம்பெயின் பாட்டிலைத் தடித்த கண்ணாடியில் செய்து, கார்க்கைக் கம்பியால் கட்டுவது இதற்காகத்தான். ஸ்குவாஷ் பாட்டிலுக்கு அந்தத் திராணி கிடையாது. குமிழ் நின்றுவிட்டது என்பது மட்டும் போதாது. குளிரில் ஈஸ்ட் உறங்கினாலும் குமிழ் நிற்கும். நம் ஊர் டிசம்பரில் அந்தச் சிக்கல் குறைவு, பிரிட்டன் சமையலறையில் அதிகம். அங்கே நவம்பரில் உறங்கியது ஏப்ரல் வெயிலில் விழித்துக்கொள்ளும். ஹைட்ரோமீட்டர் தண்ணீரின் அளவான 1.000-க்குக் கீழே இறங்கி, அடுத்தடுத்து மூன்று நான்கு நாள் அதே எண்ணைக் காட்டினால்தான் பாட்டில். கருவி இல்லாதவர்கள் இறுகிய மூடியை மறந்துவிடுவது நல்லது.

சின்னச் சின்னக் கைப்பிழைகள்

திராட்சையை மிக்ஸியில் அடிக்காதீர்கள். கொட்டை உடைந்தால் கசப்பு இறங்கும், பிறகு எந்தச் சீனியும் அதை மறைக்காது. கையால் மசித்தால் போதும். பழத்தின் மேல் இருக்கும் வெண்படலம் ஈஸ்ட் என்று நினைத்துக் கழுவாமல் போடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் மெழுகு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வடசேரி சந்தைக்கு வந்து சேரும் பன்னீர் திராட்சையில் மருந்துத் தெளிப்பும் வழித்தூசும் சேர்ந்தே வருகின்றன. நன்றாக அலசி, நசுங்கியதையும் பூசணம் பிடித்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு, ஈரம் போக விரித்து உலர்த்துங்கள்.

ஈஸ்ட்டைக் கொதிநீரில் கரைத்துக் கொன்றுவிட்டு "பரணி அசையவே இல்லை" என்று காத்திருப்பது இன்னொன்று. கை பொறுக்கும் இளஞ்சூடு போதும். சிட்டிகைச் சீனியோடு பத்து நிமிடத்தில் நுரை எழவில்லை என்றால் அந்த ஈஸ்ட்டைப் பரணிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மாறாமலைப் பக்கத்தில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதற்காக ஒரு கைப்பிடி போட வேண்டியதில்லை. கிராம்பின் எண்ணெய் ஈஸ்ட்டையும் ஒடுக்கும். ஐந்து லிட்டருக்கு நான்கைந்து போதும், அதுவும் இரைச்சல் அடங்கிய பிறகு. கோதுமை "வீரியத்துக்கு" என்பார்கள். கோதுமையின் மாவுச்சத்தை ஈஸ்ட்டால் நேரடியாக நொதிக்கச் செய்ய முடியாது; கலங்கல்தான் மிச்சம். எங்கள் வீட்டில் இதைச் சொல்லி நான் வென்றதில்லை.

அலுமினியம், பித்தளை, இரும்பு எதுவும் ஆகாது. பழ அமிலம் உலோகத்தை அரிக்கும். பெயின்ட் வந்த பிளாஸ்டிக் வாளியும் ஆகாது. மேற்பூச்சு விரிசல் விட்ட பழைய சீனப்பரணியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும். புளிப்பில் அது கரையும்.

முதல் முயற்சிக்குப் பழம் எது? திராட்சைதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் மட்டிப்பழத்தில் செய்தால் பெருமையாக இருக்கும், ஆனால் வாழைக்கூழ் தெளிய மாதக்கணக்காகும். கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) தொண்டையைக் காறும். அதெல்லாம் இரண்டாம் வருடத்துக்கு.

பலரும் கேட்கும் பயம் மெத்தனால். பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து வைனில் மெத்தனால் மிகச் சிறிய அளவில் உண்டாகும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். பழம் நொதித்ததால் வந்த சாவு அல்ல அது. ஆனால் "இதைக் காய்ச்சி இறக்கினால் என்ன" என்ற யோசனை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சட்டத்தில் அது இன்னும் கடுமையான விஷயம். அடுப்பில் ஆல்கஹால் ஆவியோடு விளையாடுவது தீ விபத்துக்கு அழைப்பு.

நான் எடுத்த முடிவு: வைன் பாட்டில் எதுவும் இப்போது என் அலமாரியில் இல்லை. சமையலறை மூலையில் ஒரே ஒரு பரணி இருக்கிறது. பழைய காடியில் ஒரு கோப்பையை ஊற்றித் தொடங்கினேன். தோலும் கனிந்த பழமும் போட்டு, வேடு கட்டியபடியே விட்டுவிட்டேன். இதற்குக் காற்று எத்தனை நாள் பட்டாலும் பாதகமில்லை. குளச்சலிலிருந்து நெய்மீன் வரும் நாளில் ஊறுகாய்க்கு அதிலிருந்துதான் எடுக்கிறோம். சித்தி மட்டும் பரணியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு முறை நின்று, மூடி திருகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறார்.