மனக்காயம் அறிந்த பணியிடம்: பயிற்சி வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

"ட்ராமா பற்றி எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சி வைத்துவிடலாம்" என்று நிர்வாகம் முடிவெடுக்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. பயிற்சி வேண்டியதுதான். ஆனால் விதிமுறைகளில் கை வைக்காமல் பயிற்சியை முன்னால் கொண்டுவருவதில்தான் சிக்கல். அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2014இல் வெளியிட்ட வழிகாட்டி ட்ராமாவை, அதாவது மனக்காயத்தை, மனதில் வைத்து நிறுவனத்தை நடத்தும் அணுகுமுறைக்கு ஆறு கொள்கைகளைச் சொல்கிறது: பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, ஒத்த அனுபவம் உள்ளவர்களின் ஆதரவு, கூடிச் செயல்படுதல், தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமை, பண்பாடு, வரலாறு, பாலினம் குறித்த கவனம். இவற்றில் ஒன்றுகூட ஸ்லைடு பார்த்து வருவதில்லை. விடுப்பு விதி, ஷிஃப்ட் போடும் முறை, புகார் நடைமுறை ஆகியவற்றில்தான் அவை இருக்கும், அல்லது இல்லாமல் போகும்.

புகார் நடைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொல்லைக்கு ஆளான ஒருவர் முதலில் மேலாளரிடம் சொல்கிறார். அவர் ஹெச்.ஆரிடம் அனுப்புகிறார், அங்கே மறுபடி முதலிலிருந்து. அடுத்து விசாரணைக் குழு. "எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள்" என்று கடைசியில் ஒரு மின்னஞ்சல். நான்கு முறை சொல்லியாயிற்று, முடிவு எப்போது தெரியும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. புகாருக்கு உள்ளானவர் அதே தளத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறார். இதை அப்படியே விட்டுவிட்டு மேலாளர்களுக்குப் பரிவோடு கேட்பது எப்படி என்று வகுப்பெடுத்தால், அந்த நான்கு முறையும் பரிவோடு கேட்பார்கள், அவ்வளவுதான். முதல் வாக்குமூலத்தை அவர் சம்மதத்தோடு பதிவுசெய்து, தெளிவு தேவைப்படும் இடங்களில் மட்டும் மேலும் கேட்கலாம். தொடர்புக்கு ஒரே ஒருவரை நியமிக்கலாம். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்து எந்தத் தேதியில் பேசுவோம் என்று சொல்லிவிடலாம். இடமாற்றம் வேண்டுமா என்பதைப் புகார் கொடுத்தவரிடமே கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்காமலே அவரைத்தான் வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள்.

பயிற்சி அறைக்குள் நடக்கும் தவறுகள் வேறு ரகம். "கண்ணை மூடி, உங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பகிருங்கள்" என்று தொடங்கும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது கடும் அதிர்ச்சி தரக்கூடிய நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் அந்த அறையில் யாரை நோக்கி இதைச் சொல்கிறோம்? அதுவும் வருகை கட்டாயம், பக்கத்து நாற்காலியில் சம்பள உயர்வை முடிவுசெய்பவர். என்னென்ன பேசப்படும் என்பதை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். விவாதத்துக்குக் கற்பனைச் சம்பவங்களே போதும்.

சிறுவயதுத் துன்பங்களுக்கு மதிப்பெண் போடும் கேள்வித்தாளை ஊழியர்களிடம் நீட்டுவதும் இதே வகைதான். அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. மக்கள்தொகை அளவில் போக்குகளை அறியப் பயன்படும் மதிப்பெண்ணைத் தனிமனிதரை எடைபோடப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் ஆண்டாவே எழுதினார்.

விபத்தோ வன்முறையோ நடந்த மறுநாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் சொல்லச் சொல்வது பல நிறுவனங்களில் அக்கறையின் அடையாளமாகிவிட்டது. ஒரே அமர்வில் முடியும் இத்தகைய உளவியல் கலந்துரையாடல், அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பான பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதற்கு ஆதாரமில்லை. சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மீளாய்வு 2002இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில் இதைத் தரவே வேண்டாம் என்கிறது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: நிலைமையைப் பார், பேச விரும்பினால் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. வீட்டுக்குப் போக வண்டி, நாளைக்கு விடுப்பு, குடும்பத்துக்கு ஒரு ஃபோன் ஆகியவையும் அதில் அடங்கும்.

பயிற்சி முடித்து வரும் மேலாளர் பாதி மருத்துவராகிவிடுவது இன்னொரு ஆபத்து. ஒருவர் கூட்டத்தில் பேசவில்லை என்றால் உடனே "அவருக்கு ஏதோ ட்ராமா". அதிர்ச்சி தரும் நிகழ்வைச் சந்தித்தவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது சுமார் 5.6 சதவீதம் பேருக்கே. நோயைக் கண்டுபிடிப்பது மேலாளரின் வேலை கிடையாது. அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது தன் சொந்தப் பழக்கங்களை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, "திங்கள் காலை வந்து பாருங்கள், பேச வேண்டும்" என்று ஒரு வரி அனுப்பினால், யாருக்கும் சனி ஞாயிறு போய்விடும். ஏற்கெனவே அடிபட்டவருக்குத் தூக்கமும் போகும். "திங்கள் 10 மணிக்குப் பத்து நிமிடம் பேசலாமா? அடுத்த மாத ஷிஃப்ட் பட்டியல் பற்றி. அவசரமில்லை" என்று எழுத எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

காயம் எல்லாம் ஊழியர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. கத்தும் அதிகாரியையும் ஆளில்லாத பிரிவில் இரட்டை வேலையையும் வைத்துக்கொண்டு மூச்சுப்பயிற்சி செயலிக்குச் சந்தா கட்டுவது ஏமாற்று. இதற்கு நேர்மாறாக, 'அவர் கஷ்டப்பட்டவர்' என்று சொல்லி மற்றவர்களைத் திட்டும் ஒருவரைக் கண்டும் காணாமல் விடுவதும் உண்டு. அப்படி விட்டால் திட்டு வாங்குபவருக்கு அங்கே என்ன பாதுகாப்பு? புகார்களை நாள்முழுக்கக் கேட்கும் ஹெச்.ஆர். ஊழியர்களுக்கும் அந்தச் சுமை ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கடைசியாக, பலனை அளக்கும் விதம். அன்று மாலை நிரப்பிய ஃபீட்பேக் படிவத்தில் "மிகவும் பயனுள்ளது" என்று எல்லோரும் டிக் அடிப்பார்கள். மதிய உணவு நன்றாக இருந்தாலும் அடிப்பார்கள். ஆறு மாதம் கழித்து, புகார் முடிய எத்தனை நாள் ஆகிறது, புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்று பாருங்கள். முதல் வருடம் புகார்களின் எண்ணிக்கை கூடக்கூடும். இனி சொல்லலாம் என்ற நம்பிக்கை வந்ததாலும் அது இருக்கலாம். அந்த எண்ணைக் காட்டியே திட்டத்தை இழுத்து மூடிவிட வாய்ப்பிருப்பதால், இதைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.