எக்ஸ்ரெஃப் காணாமற்போனால்: கழற்றி மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், ஒரு வரைபடத்துக்குள் இணைத்துக் காட்டப்படும் வேறொரு கோப்பை எக்ஸ்ரெஃப் (வெளிமேற்கோள்) என்பார்கள்; அதை ஏந்தியிருக்கும் கோப்பு தாய் வரைபடம். அந்தத் தாய் வரைபடத்தைத் திறக்கும்போது, தரைத்தளத் திட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பின் பாதையைச் சொல்லும் ஒற்றை வரி எழுத்து மட்டும் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நிமிடத்தில் பெரும்பாலானோர் செய்வது, காணாமற்போன எக்ஸ்ரெஃபை டிடாச் செய்துவிட்டு (கழற்றிவிட்டு), கோப்பைத் தேடிப்பிடித்து மறுபடியும் அட்டாச் செய்வதுதான் (மாட்டுவதுதான்). படம் திரும்பி வந்துவிடும் என்பதால் சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த மேற்கோள் கோப்பின் லேயர்களுக்கு (அடுக்குகளுக்கு)த் தாய் வரைபடத்தில் கொடுத்திருந்த நிறங்கள், வியூபோர்ட் (தாளில் படத்தைக் காட்டும் சாளரம்) வாரியாக உறையவைத்த, அதாவது மறைத்த, லேயர்கள், எக்ஸ்கிளிப் எல்லை (படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் வெட்டு எல்லை), செருகிய புள்ளி, சுழற்சிக் கோணம் ஆகிய அனைத்தும் டிடாச் செய்த கணத்திலேயே போய்விடுகின்றன; இருபது லேஅவுட் (அச்சுத் தாள் அமைப்பு) கொண்ட கோப்பாக இருந்தால் இழப்பு எவ்வளவு என்பது அச்செடுக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே காரணம் தெரியும்வரை டிடாச் கட்டளையின் பக்கமே போகக் கூடாது. தற்காலிகமாக மறைக்க வேண்டுமென்றால் அன்லோட் போதும். அது இணைப்பின் விவரங்களை அப்படியே வைத்துக்கொள்ளும்.

முதலில் எக்ஸ்ரெஃப் கட்டளையைக் கொடுத்து வெளிமேற்கோள் பலகையைத் திறந்து, பட்டியல் வடிவத்திலிருந்து மர வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் கோப்பு எதற்குள் அடங்கியிருக்கிறது என்பது மர வடிவத்தில்தான் புலப்படும். அடுத்து நிலைப் பத்தியைப் படிக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு நோயைக் குறிக்கிறது. ‘நாட் ஃபவுண்ட்’ என்றால் தேடிய இடங்களில் கோப்பு இல்லை. ‘அன்ரிசால்வ்டு’ என்றால் கோப்பைப் படிக்க முடியவில்லை. ‘ஆர்ஃபன்டு’ என்றால் இந்தக் கோப்பைத் தனக்குள் வைத்திருக்கும் மேல்நிலைக் கோப்பில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் இதைத் தொடுவதில் பயனில்லை. ‘அன்ரெஃபரன்ஸ்டு’ என்றால் இணைப்பு இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் செருகியிருந்த பொருளை யாரோ சாதாரணக் கோடு போல அழித்துவிட்டார்கள்.

நடைமுறையில் வரும் புகார்களில் மிகுதியானவை பாதையைச் சார்ந்தவை என்பதால் அதை விரிவாகவே பார்க்கலாம். பலகையின் கீழ்ப்பகுதியில் ‘சேவ்டு பாத்’, ‘ஃபவுண்ட் அட்’ என இரண்டு வரிகள் இருக்கும். முன்னது கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று வரைபடம் நினைவில் வைத்திருக்கும் இடம். பின்னது உண்மையில் கோப்பு எடுக்கப்பட்ட இடம். சேமித்த பாதையில் கோப்பு இல்லாவிட்டால் மென்பொருள் உடனே கைவிரிப்பதில்லை. தாய் வரைபடம் இருக்கும் கோப்புறை, ப்ராஜெக்ட் தேடல் பாதைகள், சப்போர்ட் தேடல் பாதைகள் என்று தேடிப்பார்த்து, அதே பெயரில் எது கிடைத்தாலும் அதை ஏற்றிக்கொள்கிறது. ‘நாட் ஃபவுண்ட்’ என்று வருவதைவிட இது ஆபத்தானது என்பேன். எப்போதோ பாதுகாப்புக்காகத் தாய் வரைபடத்தின் அருகில் நகலெடுத்து வைத்த பழைய திட்டம் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நிலைப் பத்தியோ ‘லோடெட்’ (ஏற்றப்பட்டது) என்றே காட்டும். எனவே எச்சரிக்கை எதுவும் வராவிட்டாலும் இந்த இரண்டு வரிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பாதைகள் மூன்று வகை. முழுப் பாதை டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கும். ஒருவர் கணினியில் ஒரு எழுத்தும் அடுத்தவர் கணினியில் வேறு எழுத்துமாகச் சர்வர் இணைக்கப்பட்டிருந்தால் அது உடனே முறியும். சார்புப் பாதை, மேற்கோளை ஏந்தியிருக்கும் கோப்பின் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதால், திட்டத்தின் கோப்புறையை மொத்தமாக எங்கே நகர்த்தினாலும் உடையாது. ஆனால் இரண்டு கோப்புகளும் வெவ்வேறு டிரைவ்களில் இருந்தால் சார்புப் பாதை அமையவே முடியாது. மூன்றாவது, பாதையே இல்லாமல் பெயரை மட்டும் வைத்திருப்பது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சார்புப் பாதைதான் இயல்புநிலை; அதற்கு முன் முழுப் பாதை. அதனால்தான் பழைய வரைபடங்களைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது கூட்டமாக முறிகின்றன. இந்த இயல்புநிலையைத் தீர்மானிக்கும் ரெஃப்பாத்டைப் என்ற மாறியில் (மென்பொருள் அமைப்பில்) 0 பாதையின்மையையும், 1 சார்புப் பாதையையும், 2 முழுப் பாதையையும் குறிக்கும்.

முறிந்த பாதையைச் சரிசெய்ய, பலகையில் அந்தப் பெயரின் மேல் வலச் சொடுக்கி, புதிய பாதையைத் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அதே இடத்தில் காணாமற்போன மற்றக் கோப்புகளையும் புதிய இடத்தில் தேடட்டுமா என்று மென்பொருளே கேட்கும். பாதை சரியானதும், பாதை வகையைச் சார்புப் பாதைக்கு மாற்றித் தாய் வரைபடத்தைச் சேமிக்க வேண்டும். உள்ளடுக்கில் இருக்கும் எக்ஸ்ரெஃபுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அதன் பாதை அதனுடைய நேர் மேல்நிலைக் கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்துவிட்டு, இங்கே ரீலோட் செய்ய (மறுபடி ஏற்ற) வேண்டும். கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தால், ஆட்டோகேடுடன் வரும் ரெஃபரன்ஸ் மேனேஜர் என்ற தனி நிரலைக் கொண்டு, வரைபடங்களைத் திறக்காமலே பாதைகளை மாற்றலாம். எல்டி என்ற, வசதிகள் குறைந்த பதிப்பில் அது கிடையாது.

நிலை ‘லோடெட்’ என்று இருந்தும், பாதை சரியாக இருந்தும் எதுவும் தெரியவில்லை என்றால், முதலில், இணைத்த வகை அட்டாச்சா, ஓவர்லேயா என்று பார்க்க வேண்டும். ஓவர்லே ஆக இணைத்தது ஒரு படி மேலே உள்ள கோப்பில் காட்சி தராது. அது பிழையன்று, அதன் இயல்பே அதுதான். அடுத்து, எக்ஸ்ரெஃபைச் செருகும்போது நடப்பில் இருந்த லேயர் பின்னர் உறையவைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் உள்ளே உள்ள லேயர்கள் எல்லாம் திறந்திருந்தாலும் முழுப் படமும் மறைந்துவிடும். மேற்கோள் கோப்பின் மாடல் பகுதி (வரைவு நடக்கும் வெளி) மட்டுமே தாய் வரைபடத்துக்கு வரும் என்பதால், லேஅவுட்டில் வரைந்த எதுவும் இங்கே வராது. எக்ஸ்கிளிப் எல்லை தவறான இடத்தில் இருந்தாலும் படம் வெட்டுப்பட்டு மறையும். படம் வெளிறித் தெரிந்தால் அது எக்ஸ்டிடபிள்யூஜிஃபேட்கன்ட்ரோல் மாறியின் வேலை. 0 கொடுத்தால் முழு அடர்த்தி திரும்பும்.

படம் வந்தும் அளவு பொருந்தவில்லை என்றால் அலகு முரண்தான் காரணம். ப்ராப்பர்ட்டீஸ் பலகையில் யூனிட் ஃபாக்டர் 25.4 என்று இருந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் மோதியிருக்கின்றன. 1000 என்று இருந்தால் மீட்டரும் மில்லிமீட்டரும். இரண்டு கோப்புகளிலும் இன்ஸ்யூனிட்ஸ் மாறியைச் சரிபார்க்க வேண்டும்: அங்குலத்துக்கு 1, மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6. ஸ்கேல் கட்டளையால் கைப்பட இழுத்துச் சரிசெய்வது, அடுத்து வருபவருக்கு விடுகதை போட்டுவைப்பதற்குச் சமம். அளவு சரியாக இருந்து இடம் மட்டும் பிசகியிருந்தால், இணைக்கும்போது யூசிஎஸ் (பயனர் அமைக்கும் ஆய அச்சுகள்) இயல்பான உலக நிலையில் இல்லாமலிருந்ததா, மூலக் கோப்பில் பேஸ் கட்டளையால் அடிப்படைப் புள்ளி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘அன்ரிசால்வ்டு’ நிலைக்குப் பொதுவாகக் கோப்புச் சேதமோ பதிப்பு வேறுபாடோ காரணமாக இருக்கும். 2018 வடிவத்தில் சேமித்த கோப்பை 2017ஆம் ஆண்டு மென்பொருளோ அதற்கு முந்தையவையோ படிக்க மாட்டா. வடிவத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு: கோப்பின் நகலை நோட்பேடில் திறந்தால் முதல் ஆறு எழுத்துகள் ஏசி1032 என்றிருந்தால் 2018 வடிவம், ஏசி1027 என்றிருந்தால் 2013 வடிவம். வடிவம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் ரெகவரால் கட்டளை தாய் வரைபடத்தையும் அதனுடன் இணைந்த எக்ஸ்ரெஃப்களையும் சேர்த்துப் பழுதுபார்க்கும். அதற்கு முன் அனைத்தையும் நகலெடுத்துக்கொள்வது நல்லது.

சுழல் இணைப்பு எச்சரிக்கை, கட்டட வரைபடம் கட்டமைப்பு வரைபடத்தையும், அது திரும்ப இதையும் அட்டாச் வகையில் இழுக்கும்போது எழுகிறது. இரு தரப்பினரும் ஓவர்லே வகைக்கு மாறினால் வட்டம் அறுந்துவிடும்.

கோப்புகளை வெளியே அனுப்பும்போது ஈட்ரான்ஸ்மிட் கட்டளை எக்ஸ்ரெஃப்கள், எழுத்துருக்கள், படங்கள் அனைத்தையும் ஒரே கட்டாகத் தொகுக்கும். ஒரே கோப்பாகத்தான் வேண்டும் என்று கேட்டால், நகலில் மட்டும் பைண்ட் செய்ய (எக்ஸ்ரெஃபைத் தாய் வரைபடத்துக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்க்க) வேண்டும். அதில் பைண்ட் வகை, லேயர் பெயரில் உள்ள செங்குத்துக் கோட்டை $0$ என்று மாற்றித் தனித்தனியாக வைத்திருக்கும். இன்சர்ட் வகை, ஒரே பெயருள்ள லேயர்களை ஒன்றாகக் கலந்துவிடும். பெயர்கள் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் கோப்புகளில் இன்சர்ட் வகையைத் தொடாமலிருப்பதே நல்லது. ஏனெனில் கலந்த லேயர்களைப் பிரிக்க எந்தக் கட்டளையும் இல்லை.