4294967297: பெரிய எண்ணின் காரணியைத் தேடும் வழி

ஒரு பெரிய எண் 7, 11, 13 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடுமா என்பதை ஒரே கணக்கில் அறியலாம். இம்மூன்றின் பெருக்கற்பலன் 1001 என்பதே காரணம். 4294967297 என்ற எண்ணை வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 297 − 967 + 294 − 4 என மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் −380 கிடைக்கிறது. 380 அம்மூன்றில் எதனாலும் வகுபடாததால், மூல எண்ணும் வகுபடாது. அதற்காக இதைப் பகா எண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது (கணிதவியலாளர் பெர்மாவே அப்படித்தான் கருதினார்). 2-இன் 32ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் வரும் இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பதால், அவ்வகைப் பகா எண்களான 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்து விலக்கியபின் 641-இலேயே விடை சிக்கிவிடும். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் கண்டறிந்த அக்காரணியால் வகுத்தால் ஈவு 6700417.