ரயில்வே கான்ட்ராக்ட் வேலையில் அடிபட்டால்: மும்பையில் நஷ்டஈடு கேட்பது எப்படி

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையை மாற்றும்போது கட்டைவிரல் போய்விட்டது. சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்திலும் கேஸ் பேப்பரில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ‘லைன் கிராஸ் பண்ணும்போது’ என்று விழுந்துவிட்டால், நீங்கள் அத்துமீறி நுழைந்தவர். டியூட்டியில் இருந்ததை அப்புறம் நிரூபிப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, யாரிடம் வேலை என்று சொல்லி எழுத வைத்து, அங்கேயே போட்டோ எடுங்கள். ஜிஆர்பி (ரயில்வே போலீஸ்) எழுதும் பஞ்சநாமாவையும், அதாவது சம்பவ இட அறிக்கையையும் அப்படித்தான்: மராத்தியில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து, சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நம்பர் இருக்கிறதா? இருந்தால் வழி இஎஸ்ஐ அலுவலகம்தான். இல்லையென்றால், பழைய விபத்துக்கு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடந்த விபத்துக்கு 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு. நஷ்டஈட்டு ஆணையரிடம் போடும் மனுவில் கான்ட்ராக்டரோடு ரயில்வேயையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். வேலையைக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு. கான்ட்ராக்டர் கம்பி நீட்டினாலும் ரயில்வே எங்கும் ஓடாது.

1923 சட்டக் கணக்கு இப்படி. வயதுக்கு ஏற்ப சட்டம் தரும் பெருக்கும் எண்தான் காரணி; வயது 30-க்கு 207.98. மாதச் சம்பளம் 18,000 என்றாலும் 2020 ஜனவரி முதல் 15,000 வரைதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. காரணியால் பெருக்கினால் 18,71,820. கட்டைவிரல் இழப்புக்கு அதில் 30 சதவீதம், ஆக 5,61,546 ரூபாய். உயிரே போயிருந்தால் சம்பளத்தில் பாதியை வைத்து 15,59,850. கான்ட்ராக்டர் ரிஜிஸ்டரில் சம்பளம் 9,000 என்று இருந்தால் அதே விரலுக்கு 3,36,928 தான். கையில் காசாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேங்க் பாஸ்புக், ஜிபே பதிவு, மேஸ்திரியின் வாட்ஸாப், எதையும் அழிக்காதீர்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐம்பதாயிரம் நீட்டுவார்கள். ‘இனி கேட்கமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும் உரிமை போகாது. ஆனாலும் அந்தத் தாள் வழக்கை இழுக்கும், கையெழுத்தே வேண்டாம். இறப்பு நஷ்டஈட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்; வீட்டில் நேராகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம்தான் கணக்கில் கழியும்.

மனு போடக் கெடு இரண்டு வருடம். ஊர் திரும்பிய குடும்பம் மும்பைக்கு ரயிலேற வேண்டியதில்லை, குடியிருக்கும் ஊரின் ஆணையரிடமே மனு போடலாம். ஊருக்குக் கிளம்பும் பையில் கேஸ் பேப்பர், பஞ்சநாமா நகல், கேட் பாஸ், வயதுச் சான்று இருக்கட்டும். இறப்பு என்றால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும்.