வேலூரிலிருந்து எல்ல: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெயிலுக்குப் பயந்து ஏலகிரிக்கு ஓடுகிற நமக்கு, இலங்கை ஊவா மாகாணத்தில் இருக்கும் எல்ல பெரிய உயரமில்லை, அதுவும் ஆயிரம் மீட்டர் சொச்சம்தான். ஊட்டிக் குளிரை நினைத்துக் கம்பளி மூட்டை கட்ட வேண்டாம், ஒரு ஸ்வெட்டர் போதும். அதுவும் முக்கியமாக ரயிலில் போட்டுக்கொள்ள.

காட்பாடியில் ரயிலேறிச் சென்னை, அங்கிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானம். இலங்கைக்குள் நுழைய வேண்டிய இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதியை முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். அப்புறம் கண்டியில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் பதுளை ரயிலைப் பிடியுங்கள். எல்ல வர ஆறேழு மணி நேரமாகும், வழியில் வரும் பட்டிப்பொலதான் இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன், ஸ்வெட்டர் அங்கேதான் வெளியே வரும். முன்பதிவு சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டி இருக்கிறது, ஜோலார்பேட்டை பக்கம் பாசஞ்சரில் நின்றே போய் வந்தவர்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. பெருமழைக்குப் பிறகு மண் சரிந்து பாதை மூடிவிடுவதுண்டு, ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லோரும் போட்டோ எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் திறந்தது, கல்லும் செங்கல்லும் சிமென்ட்டும்தான், இரும்பே கிடையாது. காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுப்பது சுத்த முட்டாள்தனம், ரயில் எப்போது வரும் என்று பக்கத்து டீக்கடையில் கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். என்னைக் கேட்டால் அடுத்த ஸ்டேஷனான தெமோதரைதான் இன்னும் வேடிக்கை: ரயில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. லிட்டில் ஆடம்ஸ் பீக் என்கிற குன்று வயசானவர்களும் மெதுவாக ஏறக்கூடியது. எல்ல ராக் மலை அப்படியில்லை, மூச்சு வாங்கும், மழை பெய்திருந்தால் அட்டைப்பூச்சி வேறு. வெல்லவாய பஸ்ஸில் ஏறினால் ராவணா அருவி ரோட்டோரத்திலேயே இருக்கிறது, பார்த்தால் போதும், பாறை வழுக்கும், குளிக்க இறங்காதீர்கள்.

பேச்சுக்குக் கவலை வேண்டாம். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள், 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் நம் பக்கத்து ஜில்லாக்களிலிருந்து கூட்டிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள். தமிழ்நாடு என்றாலே எந்த ஊர் என்று கேட்பார்கள், நின்று பதில் சொல்லுங்கள். ஆனால் கொழுந்து பறிக்கிற அக்காக்களை வேலை நேரத்தில் நிறுத்திப் போட்டோ கேட்காதீர்கள், கூலி பல தோட்டங்களில் பறிக்கிற கிலோவைப் பொறுத்தது.

சைவக்காரர்கள் கவனிக்க: தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், "மாசி போடாமல்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எருமைத் தயிரில் கித்துள் பாணி, அதாவது கூந்தற்பனைப் பாகு, ஊற்றித் தருவார்கள், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். போயா என்கிற பௌர்ணமி நாளில் அரசு விடுமுறை, பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும், அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள்.