கட்டிங் வேஸ்ட்டும் உடைந்த குடையும் இருந்தால் போதும்

ஃபேஷன் டிசைன் படித்துவிட்டுத் திருப்பூரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அட்டை மாதிரி, போட்டுக்கொண்டிருப்பவள் நான். வெட்டு மேசைக்குக் கீழே சாயங்காலத்துக்குள் மூட்டையாகச் சேரும் கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்துப் பார்த்துத்தான், வேண்டாத பொருளில் விளக்கும் தொங்கு அலங்காரமும் செய்கிற இந்தப் பைத்தியம் பிடித்தது.

முதலில் விளக்கு. பனியன் துணியை அகலவாக்கில் ஒன்றரை அங்குலப் பட்டையாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஓர் இழு இழுங்கள், ஓரம் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். தைக்கும்போது உயிரை வாங்குகிற அதே சுருட்டல்தான், இங்கே நமக்கு இலவசமாக நூல் திரித்துத் தருகிறது. ஒரு துணுக்கைக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலானால் பருத்தி, உருகிக் கறுப்பு மணியாக உறைந்தால் பாலியஸ்டர். விளக்குக்குப் பருத்திதான் வேண்டும், பசையை நன்றாகக் குடிக்கும்.

ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. ஊதின பலூனில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, பசையில் நனைத்த கயிறைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். மேலே ஹோல்டர் நுழையவும், கீழே சூடு வெளியேறிக் கை நுழையவும் இடம் விடுங்கள். இரண்டு நாள் காயட்டும், அவசரப்பட்டுப் பலூனை உடைத்தால் கூடு அப்பளமாக நொறுங்காது, அதைவிட மோசமாகத் தொங்கிப்போகும். 5 வாட் எல்இடி பல்பு போதும். பழைய குண்டு பல்பு கூடவே கூடாது, துணி கருகிவிடும். கூட்டின் எடையை மின்வயரில் தொங்கவிடாமல் தனிக் கம்பியில் மாட்டுங்கள், இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் மொபைல். ஃபோன் இல்லை, கம்பியில் தொங்கிக் காற்றுக்கு அசைந்தாடும் அலங்காரம். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்த அசையும் சிற்பங்களுக்கு 1931-இல் அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு ஓவியர் மார்செல் துஷான். 1955-இல் கால்டர் அகமதாபாத்துக்கே வந்து தங்கிச் சில சிற்பங்கள் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெரிய ஆள், நமக்குக் காயலான் கடைக் குடை போதும். குடைக்கம்பியின் நுனியில் துணி தைப்பதற்கென்று ஒரு சின்னக் காது ஏற்கெனவே இருக்கும், தூண்டில் நரம்பை அதில் கட்டிவிடலாம்.

தொங்கவிட, பழைய பேட்டர்ன் அட்டையை இலை மாதிரி வெட்டுங்கள். தட்டையாக விட்டால் அட்டை அட்டையாகத்தான் இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு வெட்டு வெட்டி, ரவிக்கைக்கு டார்ட் (வடிவம் வர மடித்துத் தைப்பது) பிடிப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள், கிண்ணமாகக் குவியும், சின்னக் காற்றுக்கும் திரும்பும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கம்பிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடும்போது கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போங்கள், மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு கம்பியையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். கணக்கு, தராசுக் கணக்கு: 30 செ.மீ. கம்பியில் ஒரு பக்கம் 20 கிராம், மறுபக்கம் 10 கிராம் என்றால், கனமான பக்கத்திலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளிக் கம்பியைத் தொங்கவிடும் முடிச்சு வரும். கம்பிக்கும் எடை உண்டு, அதனால் முடிச்சை இறுக்காமல் அப்படியே நகர்த்திப் பாருங்கள், நின்ற இடத்தில் ஒரு சொட்டுப் பசை.

மின்விசிறிக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். காலையில் பார்த்தால் எட்டுக் கம்பியும் சடை பின்னிக்கொண்டு கிடந்தன, அவிழ்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.